குளிருக்கு முன் திறந்த வாய்க்கால்

ரங்கூனில் குளிர்காலம் மொத்தமே இரண்டரை மாதம்தான். நவம்பர் நடுவில் ஒரு விடியற்காலையில் கால் தானாகப் போர்வையைத் தேடும். பிப்ரவரி பிறந்ததும் அதே போர்வையை உதறித் தள்ளிவிடும். "இந்தக் குளிருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சென்னையிலிருந்து போனில் பேசும் என் சித்தி மகள் சிரிப்பாள். அவளுக்கு எங்கள் மழையைப் பற்றித் தெரியாது. மே மாதக் கடைசியில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. அதற்குள் பெட்டியில் வைத்த பட்டுச் சேலையின் மடிப்பில் புள்ளி விழுந்திருக்கும். தோல் செருப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். தலையணையை முகர்ந்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். குளிருக்கு வீட்டைத் தயார் செய்வதென்றால் முதலில் இந்த மழையை ஒவ்வொரு மூலையிலிருந்தும் வெளியேற்ற வேண்டும். பிறகுதான் போர்வை, விதை எல்லாம்.

எங்கள் வீடு தின்கன்ஜூனில், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே செங்கல், மேலே மரம், தகரக் கூரை. பின்னால் சின்னத் தோட்டம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே வேலை பிரிந்துதான் இருந்தது. யாரும் பேசிப் பிரித்ததில்லை. மெத்தை காயவைப்பது, துணிப்பெட்டி திறப்பது, விதை போடுவது என் பாடு. கூரையில் ஆணி பார்ப்பது, பாசி சுரண்டுவது, மரச் சுவருக்குக் கறுப்பெண்ணெய் பூசுவது, சாக்கடை பார்ப்பது என் வீட்டுக்காரர் பாடு. கறுப்பெண்ணெய் என்று நாங்கள் சொல்வது கச்சா எண்ணெயைத்தான். மழை நின்றதும் பலகைகளுக்கு அதைப் பூசினால் கரையான் அண்டாது, அடுத்த மழைக்கும் தாங்கும். பூசிய ஒரு வாரத்துக்கு வீடே லாரிப் பட்டறை மாதிரி நாறும். அந்த நாற்றம் வந்தால்தான் எங்களுக்குக் குளிர்காலம் வருகிறது என்று அர்த்தம்.

நான் சொல்ல வந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தைப் பற்றி. அந்த வருடம் செப்டம்பரில் என் வீட்டுக்காரர் கால் உடைந்தது. அவர் போட்டாதாங்கில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். படகுத்துறையில் மழையில் நனைந்த பலகையில் நடந்தபோது வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தொடை வரை மாவுக்கட்டு. பத்து வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மழை நின்ற அன்று அவரே நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னார். கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, தோட்டத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வருஷம் விட்டுருவோம். ஒரு வருஷம் எண்ணெய் பூசலன்னா வீடு விழுந்துராது."

"நீங்க விழுந்தீங்களே, அது போதும். வீடும் விழணுமா? நான் பாக்குறேன்."

"உனக்கு ஏணியில நிக்கத் தெரியுமா?"

"நிக்கத் தெரியும். நீங்க கீழ இருந்து கத்தாம இருக்கத் தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டார். கால் உடைந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தனியாகச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். எனக்கு ஐம்பது வயது. தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிருந்தது. அதனால் டாலாவிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தேன். நாற்பது வயதிருக்கும், தமிழ் ஆள்தான். காலையில் முதல் படகில் ஆற்றைக் கடந்து வந்து, கொத்து வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவள். வரும்போதே இரண்டு மூட்டை மாட்டெருவும் ஒரு கட்டு வைக்கோலும் கொண்டுவந்து சந்து முனையில் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறக்கினாள். தமிழில் ஆரம்பித்துப் பர்மியில் முடிப்பது அவள் பேச்சு. என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடி அவளுக்கும் உத்தரவு போடத் தொடங்கியபோது, "அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் இத விடப் பெரிய வீடெல்லாம் பாத்தவ" என்றாள். அதோடு அவர் கொஞ்சம் அடங்கினார்.

முதல் இரண்டு நாள் கூரையும் சுவரும். அவள் ஏணியில் ஏறித் தகரத்தில் தளர்ந்த ஆணிகளைப் பிடுங்கிப் புது ஆணி அடித்தாள். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன். பிறகு இரண்டு பேருமாகக் கறுப்பெண்ணெய் பூசினோம். நான் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு கைக்கு எட்டிய பலகைகளுக்கு மட்டும் பூசினேன். சாயங்காலம் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. இத்தனை வருடம் அவர் கையில் அந்தக் கறுப்பைப் பார்த்து, சாப்பாட்டுத் தட்டைத் தொடுமுன் கையைக் கழுவச் சொல்லித் திட்டியது நினைவுக்கு வந்தது. கழுவிவிட்டுத்தான் வந்திருப்பார் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மெத்தைகளை வெயிலில் போட்டேன். இலவம்பஞ்சுத் தலையணைகளைத் தட்டிக் கொடியில் தொங்கவிட்டேன். பெட்டியிலிருந்து போர்வைகளை எடுத்து உதறினேன். பர்மியில் குளிர்காலத்தையும் போர்வையையும் சொல்ல ஏறக்குறைய ஒரே சொல்தான், சௌங் என்று. இழுத்துச் சொல்வதிலும் இறக்கிச் சொல்வதிலும்தான் வித்தியாசம். சின்ன வயதில் நான் இரண்டையும் மாற்றிச் சொல்வேன். இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். 'போர்வை வந்துவிட்டது, குளிர்காலத்தை எடுத்து மூடிக்கொள்ளுங்கள்' என்பது மாதிரி ஆகிவிடும்.

நான்காம் நாள் தோட்டத்துக்கு வந்தோம். அங்கேதான் சிக்கல்.

மழை நின்று பத்து நாள் ஆகியும் எங்கள் பாத்தி காயவில்லை. மண்வெட்டியைப் போட்டால் சளக்கென்று சத்தம் வந்தது. முந்தைய இரண்டு வருடங்களும் இதே கதைதான். கொத்தமல்லி போட்டேன், முளைத்து அழுகியது. கடுகுக்கீரை மஞ்சளாகிப் படுத்துவிட்டது. முள்ளங்கியைப் பிடுங்கினால் விரல் நீளம்கூட இல்லை. குளிர்காலத்தில் சொந்தத் தோட்டத்துக் கீரை இல்லாமல் சந்தையில் போய் வாங்குவது எனக்குப் பெரிய மனக்குறை. அதற்குக் காரணம் யார் என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டில் ஒரு பர்மியத் தம்பதி இருக்கிறார்கள். அவர் டாலா படகில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அக்கோஜி, அதாவது அண்ணன் என்றும் அவர் மனைவியை அமா, அதாவது அக்கா என்றும் கூப்பிடுவேன். இருபது வருடப் பழக்கம். எங்கள் தீபாவளிப் பலகாரம் அங்கே போகும். அவர்கள் விளக்குப் பண்டிகைக்குச் செய்யும் இனிப்பு இங்கே வரும். ஒரு கோடையில் அவர் லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டித் தன் மனையை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கினார். இங்கே வசதி கொஞ்சம் வந்ததும் எல்லோரும் செய்வதுதான் அது. மேடான வீட்டில் தண்ணீர் ஏறாது. பக்கத்தில் பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்குத்தான் பாடு. அடுத்த மழையில் எங்கள் பின்கட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. என் தையல் மிஷின் நிற்கும் அறை அது. மிஷினின் நான்கு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து மிதித்தேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் பொறுக்காமல் வெளியே போய் அக்கோஜியிடம் சத்தம் போட்டார். சந்தில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். "உங்க வீட்டு மண்ண ஏத்திக்கிட்டீங்க, தண்ணி நிக்க எங்க வீடுதான் கெடச்சுதா?" என்று அவர் பர்மியில் கத்தியது எனக்கு உள்ளே வரை கேட்டது. அக்கோஜி என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவர். அதற்குப் பிறகு பலகாரமும் போகவில்லை, இனிப்பும் வரவில்லை. இரண்டு வருடம் ஒரே சந்தில் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடந்து பழகிவிட்டோம். அது எவ்வளவு சுலபமாகப் பழகிவிட்டது என்பதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

டாலா அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணி எது வழியாப் போவும்?"

இரண்டு மனைக்கும் நடுவே வேலியோரம் ஓடும் சாக்கடையைக் காட்டினேன். அது எங்கள் அடுப்படி மூலையைத் தாண்டிச் சந்தில் உள்ள பெரிய கால்வாயில் சேர வேண்டும். சாக்கடையில் தண்ணீர் கரும்பச்சையாக அசையாமல் நின்றது.

"போவல. நிக்கிது. அதுக்கு அங்கிட்டு என்ன?" அவள் காட்டியது எங்கள் துணி துவைக்கும் தளத்தை.

"அது நாங்க போட்ட சிமெண்டுத் தளம். சாக்கடைக்கு மேல சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருக்கு."

"எப்பப் போட்டீங்க?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் என்னவோ தடுக்கியது. அக்கோஜி மண் கொட்டிய அதே கோடையில்தான் நாங்களும் தளம் போட்டோம்.

"அதத் தெறக்க வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து. "அது நல்லாத்தான் இருக்கு. கொத்தனார வெச்சு நான் நின்னு போட்டது. பிரச்சனை அந்தப் பக்கத்து மண்ணு."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு பாத்துட்டு மூடிருவோம் அண்ணே" என்றாள் அவள். அவர் பதில் சொல்வதற்குள் கடப்பாரையைப் பலகையின் விளிம்பில் கொடுத்துவிட்டாள்.

முதல் பலகை லேசாக வந்தது. இரண்டாவதுக்கு நானும் கை கொடுத்தேன். மூன்றாவதைத் தூக்கியபோது ஒரு வாடை வந்தது. அவள் சாக்கடைக்குள் இறங்கி, கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். உடைந்த செங்கல். பிறகும் செங்கல். தண்ணீர் பட்டுக் கல்லாக இறுகிப்போன ஒரு சிமெண்டு மூட்டை, காகித உறையின் மடிப்புகூட அப்படியே பதிந்திருந்தது. கொத்தனார் விட்டுப் போன ஒரு பழைய பனியன். இதையெல்லாம் சுற்றி மூன்று மழைக்காலத்துச் சேறு. கடைசியாக அந்தச் சிமெண்டு மூட்டையை இரண்டு பேருமாகப் புரட்டி வெளியே தள்ளினோம்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் ஒரு முறை குமிழிட்டுச் சுழன்று, உள்ளே இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேலியோரம் தண்ணீர் மட்டம் விரல் விரலாக இறங்கியது. சாயங்காலத்துக்குள் சாக்கடையின் அடி தெரிந்தது.

"அடைச்சது இதுதான்" என்றாள் டாலா அம்மா, கையைக் கழுவிக்கொண்டே. அவளுக்குக் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

என் வீட்டுக்காரர் விளக்கு வைத்த பிறகு, "இது மட்டுமே காரணமா இருக்காது" என்றார்.

"தண்ணி எப்பிடிப் போச்சுன்னு நீங்களும் பாத்தீங்கதானே."

"மண்ணு ஏத்தினதும் உண்டு."

"உண்டு. ஆனா வழி இருந்தா தண்ணி அதும் பாட்டுக்குப் போயிருக்கும்."

அவர் மாவுக்கட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "இத இப்ப யாருகிட்டயும் சொல்லணும்னு இல்ல. சரி பண்ணியாச்சு. அவ்வளவுதானே."

அடுத்த இரண்டு நாளும் வேலையில் தலையைக் கொடுத்துக்கொண்டேன். பாத்தி மளமளவென்று காய்ந்தது. மண்ணைக் கொத்தி, எருவைக் கலந்து, மேடு கட்டினோம். கொத்தமல்லியைக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தேன். கடுகுக்கீரை, முள்ளங்கி, ஒரு வரிசை தக்காளி. அவரைக்கு மூங்கிலில் பந்தல். மூன்று வருடமாக நான் ஆசைப்பட்ட மண், பொலபொலவென்று கையில் உதிர்ந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அமா இருமுவது, பாத்திரம் வைப்பது கேட்கும்போதெல்லாம் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். திருடியவள் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் காலை முகம் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கையில் ஏதாவது கொண்டுபோகலாமா என்று முதலில் யோசித்தேன். பலகாரத்தோடு போனால் பேச்சு பலகாரத்தைப் பற்றிப் போய்விடும் என்று வெறுங்கையோடு போனேன்.

அமா மட்டும்தான் இருந்தார். சாமி அலமாரிக்கு முன்னால் சந்தையில் வாங்கி வந்த பூவைக் குவளையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திகைத்து, பிறகு பாயைத் தட்டி உட்காரச் சொன்னார். நாங்கள் பேசியது பர்மியில்தான்.

"அமா, எங்க தளத்துக்குக் கீழ சாக்கடை அடைச்சிருந்துது. செங்கல்லும் சிமெண்டும். எங்க கொத்தனார் விட்டது. தண்ணி நின்னது அதனாலதான். உங்க மேல பழி போட்டுட்டோம்."

மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தது. அமா பூவைக் கீழே வைத்தார்.

"அவர் அன்னைக்கே சொன்னாரே" என்றார் சாதாரணமாக. "உங்க தளத்தத் தெறந்து பாருங்க, தண்ணி அங்கதான் நிக்குதுன்னு. உங்க வீட்டுக்காரர் காதுல விழல. கோவத்துல இருந்தாரு."



"அப்புறம் ஏன் திரும்பச் சொல்லல அமா?"

"ஒருத்தர் வீட்டுத் தளத்த உடைன்னு ரெண்டு தடவை எப்பிடிச் சொல்றது?" என்றவர், எழுந்து என்னைத் தன் வீட்டின் மறுபக்கத்துக்கு அழைத்துப் போனார். அந்தப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து தெரியாது. இருபது வருடப் பழக்கத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். அவர் சுவரோரம் நீளமாகச் செவ்வந்தி போட்டிருப்பார். சாமிக்குப் பூ வெளியே வாங்கியதே இல்லை. அந்தச் செவ்வந்திப் பாத்தி இருந்த இடத்தில் ஒரு ஆழமான கால்வாய் வெட்டியிருந்தது. பின்னாலிருந்து முன்சந்து வரை, முழங்காலுக்கு மேல் ஆழம்.

"இது எதுக்கு?"

"பின்னாடி நிக்கிற தண்ணியக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி விடத்தான். அந்த வருஷம் மழையிலயே வெட்டினாரு. நீ மிஷினுக்குக் கீழ கல்லு வெச்சுத் தண்ணியில உக்காந்து தெக்கிறத வேலி இடுக்குல பாத்தாராம். மிஷின் துருப்பிடிச்சுட்டா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்னு சொன்னாரு."

அதற்கடுத்த மழைக்காலத்தில் எங்கள் பின்கட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. தோட்டத்தோடு நின்றுவிட்டது. மழை குறைவு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். தினமும் காலையில் அமா பூ வாங்கிக்கொண்டு சந்தில் வருவதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். சொந்தத்தில் பூ வைத்திருந்தவர் ஏன் வாங்குகிறார் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அமா உள்ளே போய்ச் சூடாக ஒரு டம்ளர் வெறும் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கால்வாயைப் பற்றிச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவர் என்னமோ சொன்னாரு, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் கடைசியில். "நம்ம தளத்தப் பத்தி. நான் இருந்த கோவத்துல, நம்ம மேலயே திருப்புறாருன்னு நெனச்சேன். அதனால இன்னும் சத்தமாக் கத்துனேன்."

"சரி. இப்ப என்ன பண்றது?"

"கட்டைய எடு."

ஊன்றுகோல்களைத்தான் சொன்னார். படி இறங்கி, சந்தில் பத்தடி நடந்து, அவர்கள் வாசலில் ஏறுவது அவருக்கு அப்போது சின்ன வேலை இல்லை. நானும் டாலா அம்மாவும் இரண்டு பக்கமும் நடந்தோம். அக்கோஜி வாசலில் உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க, நின்றபடியே பர்மியில் பேசினார்.

"அக்கோஜி, அன்னைக்கு நீங்க சொன்னத நான் காது குடுத்துக் கேக்கல. நாலு பேர் முன்னால உங்களப் பேசிட்டேன். தப்பு என்னோடது."

அக்கோஜி உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

"உக்காருங்க. கால் எப்பிடி இருக்கு? எந்தத் துறையில விழுந்தீங்க?"

என் வீட்டுக்காரர் சொன்னார். அந்தத் துறையின் பலகைகள் எவ்வளவு மோசம் என்று அக்கோஜிக்குத் தெரியும். இருபது வருடம் அங்கேதான் படகைக் கட்டியிருக்கிறார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பலகையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படி இரண்டு வரியில் முடித்துவிட்டார்களே என்று. பிறகு பார்த்தேன், அக்கோஜி பேசிக்கொண்டே தன் கைலி மடிப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து ஒன்றை என் வீட்டுக்காரருக்கு மடித்துக் கொடுத்தார். இவர் அதை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டார். அவர்களுக்கு அவ்வளவு போதும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் போதவில்லை. அடுத்த நாளே டாலா அம்மாவிடம் கேட்டேன், அந்தக் கால்வாயை மூட எவ்வளவு மண் வேண்டும் என்று. அவள் போய் நடந்து பார்த்துவிட்டு வந்தாள். "மண்ணு அவங்ககிட்டயே கெடக்கு, பின்னாடி குவிச்சு வெச்சிருக்காரு. மேல போட நல்ல மண்ணும் எருவும் நான் கொண்டாறேன். ஆனா அக்கா, இனிமே செவ்வந்தி நட்டா நேரத்துக்குப் பூக்காது. மழையிலேயே நட்டிருக்கணும்."

"பூக்கிறப்ப பூக்கட்டும்."

அக்கோஜி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மழையில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட்டு மூடலாம் என்றார். இன்ஜின் பார்த்த ஆள், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். அதனால் கரண்ட் வந்த நேரத்தில் இரண்டு வீட்டு மோட்டாரையும் போட்டு, குழாயைப் பின்சாக்கடையில் விட்டு, முக்கால் மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அவர் சாக்கடையின் தலையிலிருந்து கடைசி வரை குனிந்து குனிந்து கூடவே நடந்தார். எங்கள் தளத்துக்குக் கீழே போய்ச் சந்துக் கால்வாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டினார். எங்கள் சிமெண்டுப் பலகைகளுக்கு இரும்பு வளையம் பொருத்திக் கொடுத்ததும் அவர்தான், கடப்பாரை இல்லாமல் கையாலேயே தூக்கிப் பார்க்கலாம் என்று.

கால்வாயை மூட இரண்டு நாள் ஆயிற்று. அமாவும் நானும் கூடையில் மண் சுமந்தோம். அக்கோஜி மிதித்து மிதித்து இறுக்கினார். என் வீட்டுக்காரர் நாற்காலியோடு அந்தப் பக்கத்துக்குக் குடிபோய்விட்டார். அங்கிருந்தும் உத்தரவுதான். நவம்பர் நடுவில், காலைப் பனி இலைகளில் நிற்க ஆரம்பித்த நாளில், அமா தன் அக்கா வீட்டிலிருந்து செவ்வந்திக் குச்சிகள் கொண்டுவந்தார். ஒரு சாண் இடைவெளி விட்டு வரிசையாக நட்டோம். டாலா அம்மாவின் வைக்கோலைப் பரப்பினோம். குனிந்த இடுப்பை நிமிர்த்த முடியாமல் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எழுந்தோம்.

அந்தக் குளிர்காலம் நன்றாகக் குளிர்ந்தது. டிசம்பரில் சில காலைகளில் சந்தில் சருகைக் கூட்டித் தீ மூட்டி நாலைந்து பேர் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். மாவுக்கட்டு பிரித்த பிறகு என் வீட்டுக்காரரும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். அக்கோஜி அவர் காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொன்னார், அவர் தடவவில்லை, நான் தடவினேன். எங்கள் தோட்டத்தில் கடுகுக்கீரை முழங்கால் உயரம் வந்தது. தினமும் ஒரு கட்டு வேலிக்கு மேலாகப் போயிற்று. அமா அதைப் புளிக்க வைத்து ஒரு ஜாடி திருப்பித் தந்தார். சோற்றுக்கு அதுவும் அவரைக்காய்ப் பொரியலும் இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

செவ்வந்தி நேரத்துக்குப் பூக்கவில்லை. டாலா அம்மா சொன்னது சரிதான். தை போய், வெயில் உறைக்க ஆரம்பித்து, போர்வைகளைத் துவைத்துப் பெட்டியில் வைத்த பிறகு, பிப்ரவரி கடைசியில் மொட்டு விட்டது. பூவும் சின்னச் சின்னது, சட்டைப் பொத்தான் அளவுதான். அமா வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இத்தனூண்டு" என்றார், சுண்டு விரலைக் காட்டி.

"பரவாயில்ல அமா. குவளையில கூட நாலு வைங்க."

அவர் பறித்ததில் பாதியை என் கையில் கொடுத்தார். நான் அதை எங்கள் சாமி படத்துக்கு வைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை.

இப்போது என் வீட்டுக்காரருக்குக் கால் சரியாகிவிட்டது. கூரையும் கறுப்பெண்ணெயும் திரும்ப அவர் பொறுப்புக்குப் போய்விட்டன. சாக்கடையை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மழை நின்று மூன்றாம் நாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, வளையத்தைப் பிடித்துப் பலகைகளைத் தூக்கி, ஒரு நீளக் கம்பால் கடைசி வரை குத்திப் பார்ப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கோஜி தன் பக்கத்தைக் குத்திக்கொண்டு நிற்பார்.

"போகுதா?" என்பார்.

"போகுது" என்பேன்.

பிறகு இரண்டு பேரும் அவரவர் மெத்தைகளை வெயிலில் போடப் போவோம்.